பவுலருக்காகப் பையன்களை விட்டுக்கொடுக்கலாமா? தடைக்கால டோர்னமென்ட்டுக்கு முன் போட வேண்டிய கணக்கு

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. ராமேஸ்வரம், பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம். தெற்கே கீழக்கரை, ஏர்வாடி, வாலிநோக்கம். வடக்கே தேவிபட்டினம், தொண்டி. எங்கே ஒரு பொட்டல் கிடைத்தாலும் டென்னிஸ் பால் கிரிக்கெட் டோர்னமென்ட் நடக்கிற காலம் இது. எல்லா டீமிலும் ஒரே புலம்பல்தான்: "பேட்டிங் இருக்கு, கடைசி ரெண்டு ஓவர் போட ஆளில்ல." அடுத்த ஊரில் அப்படி ஒரு ஆள் இருப்பார். போய்க் கேட்டால், "அவர் வருவார்ண்ணே, பதிலுக்கு உங்க பையன் ரெண்டு பேரை இந்த சீசனுக்கு எங்களுக்கு விடுங்க" என்பார்கள்.

பெரும்பாலும் விடக் கூடாது. சில சமயம் யோசிக்காமல் விடலாம். எது எப்போது என்பதைக் கண்டுபிடிக்க ஒரு பேனா, போன வருஷ ஸ்கோர்புக், ஒரு மணி நேரம் போதும்.

என்ன வாங்குகிறீர்கள்?

பவுலரின் பேரை மறந்துவிட்டு ஓவரை எண்ணுங்கள். நம் பக்கம் அதிகம் நடப்பது 8 ஓவர் ஆட்டம். ஒருவருக்கு அதிகபட்சம் 2 ஓவர். 16 டீம் நாக்-அவுட் என்றால் கோப்பை வாங்க 4 ஆட்டம், அதாவது 8 ஓவர். 32 டீம் என்றால் 5 ஆட்டம், 10 ஓவர். இதுவும் நீங்கள் எல்லா ஆட்டத்திலும் ஜெயித்தால்தான். முதல் ஆட்டத்திலேயே வெளியேறினால் இரண்டே ஓவர். ஆக, நீங்கள் பேரம் பேசுவது ஓர் ஆளுக்காக என்று தோன்றினாலும், கையில் வரப்போவது ஒரு டோர்னமென்ட்டுக்கு அதிகபட்சம் பத்து ஓவர். மீதி ஆறு ஓவரை ஒவ்வொரு ஆட்டத்திலும் உங்கள் ஆட்கள்தான் போட வேண்டும். அந்த ஆறு ஓவரும் ஓட்டைப் பானையாக இருந்தால், கடைசி இரண்டு ஓவருக்கு யார் வந்தாலும் ஆட்டம் அதற்கு முன்பே முடிந்திருக்கும். பல டீம்கள் விழுவது இங்கேதான். கடைசி ஓவரில் தோற்றது ஞாபகம் இருக்கிறது. மூன்றாவது ஓவரில் 19 கொடுத்தது மறந்துபோகிறது.

பேஸ்பாலில் இது பழைய பஞ்சாயத்து

இந்தக் கேள்வியை ஆண்டாண்டு காலமாக அலசியவர்கள் அமெரிக்க பேஸ்பால்காரர்கள். அங்கே ஒவ்வொரு மாற்றமும் பதிவில் இருப்பதால், யார் ஏமாந்தார்கள் என்று எண்ணிப் பார்க்க முடியும்.

அங்கே பந்தெறிபவர் பிட்சர். ஓர் ஆட்டத்துக்கு 9 இன்னிங்ஸ், எதிரணியை 27 முறை அவுட் ஆக்க வேண்டும். ஆட்டத்தைத் தொடங்கும் பிட்சர் 6 இன்னிங்ஸ் எறிந்தால் 18 அவுட், மூன்றில் இரண்டு பங்கு. ஆனால் எறிந்த பிறகு நாலு நாள் ஓய்வு. ஐந்தாவது நாள்தான் திரும்ப வருவார். நம் ஆள் ஓர் ஆட்டத்தில் கால் பங்குதான் போடுகிறார், ஆனால் எல்லா ஆட்டத்திலும் போடுகிறார். அங்கே ஒரே பிட்சர் ஒரு நாள் ஆட்டத்தைத் தனியாகத் தூக்கிவிடலாம். இங்கே அது நடக்காது. இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொண்டு அவர்கள் கதையைப் படியுங்கள்.

அங்கே ஜூலைக் கடைசி வாக்கில் ஆள் மாற்றிக்கொள்ளக் கெடு உண்டு. கோப்பைக்குப் பக்கத்தில் நிற்கும் டீம் பிட்சர் கேட்கும். பின்தங்கிய டீம் அவரைக் கொடுத்துவிட்டுச் சின்ன லீக்கில் வளர்கிற பையன்களைக் கேட்கும். ஒரு பையன் பெரிய லீக்குக்கு வந்தால் சுமார் ஆறு வருஷம் அந்த டீமின் பிடியில் இருப்பான். பிட்சரோ பல சமயம் அந்த சீசன் முடிந்ததும் வேறு இடத்துக்குப் போய்விடுவார். ஆறு வருஷத்தைக் கொடுத்து மூன்று மாசத்தை வாங்குகிற வியாபாரம்.

1987 ஆகஸ்டில் டெட்ராய்ட் டைகர்ஸ் 36 வயது டாயல் அலெக்சாண்டரை வாங்கியது. வந்தவர் 9 ஆட்டம் ஜெயித்தார், ஒன்றுகூடத் தோற்கவில்லை. 9 இன்னிங்ஸுக்குச் சராசரியாக 1.53 ரன்தான் கொடுத்தார். டைகர்ஸ் தன் பிரிவில் முதலிடம் பிடித்தது. அடுத்த சுற்றில் அவர் எறிந்த இரண்டு ஆட்டத்திலும் தோற்று வெளியேறியது. பதிலுக்கு அட்லான்டா பிரேவ்ஸுக்குப் போன 20 வயதுப் பையன் ஜான் ஸ்மோல்ட்ஸ்: 213 வெற்றி, 154 சேவ் (கையில் இருக்கிற வெற்றியைக் கடைசியில் வந்து காப்பாற்றிக் கொடுப்பது), 2015-ல் ஹால் ஆஃப் ஃபேம் என்கிற பேஸ்பால் ஜாம்பவான்கள் வரிசையில் இடம். இறாலைப் போட்டுச் சுறாவைப் பிடிக்கிறோம் என்று போய், சுறாவைப் போட்டு இறாலைப் பிடித்தார்கள். ஆனாலும் ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்த 9 வெற்றி இல்லாமல் டைகர்ஸ் முதலிடம் வந்திருக்காது. இரண்டாவது வந்த டீமைவிட வெறும் 2 ஆட்டம்தான் முன்னால் இருந்தது.

2008-ல் மில்வாக்கி புரூவர்ஸ் சி.சி. சபாத்தியாவை வாங்கியது. 17 ஆட்டம் தொடங்கி 11 வெற்றி, 2 தோல்வி, சராசரி 1.65. 1982-க்குப் பிறகு முதல் முறையாக அந்த டீம் அடுத்த சுற்றைப் பார்த்தது. சீசன் முடிந்ததும் அவர் நியூயார்க் போய்விட்டார். இந்தப் பேரத்தில் எல்லோரும் பெரிதாகப் பேசிய பையன் மேட் லபோர்ட்டா; அவர் எடுபடவில்லை. "பேர் பிறகு சொல்கிறோம்" என்று கடைசியில் சேர்த்துக் கேட்ட மைக்கேல் பிரான்ட்லிதான் பிற்பாடு ஐந்து முறை ஆல்-ஸ்டார் (அந்த சீசனின் சிறந்த ஆட்டக்காரர்கள் அணி) ஆனார். பத்து வருஷம் கழித்து, 2018-ல், பிட்ஸ்பர்க் பைரேட்ஸும் கிறிஸ் ஆர்ச்சர் என்ற பிட்சருக்காக டைலர் கிளாஸ்னோவையும் ஆஸ்டின் மெடோஸையும் கொடுத்துவிட்டு, பிற்பாடு ஷேன் பாஸையும் சேர்த்துக் கொடுத்தது. ஆர்ச்சர் அடுத்த வருஷம் 3 வெற்றி, 9 தோல்வி; அதற்கடுத்த வருஷம் அறுவை சிகிச்சை. பாடம் நேரடியானது: "அந்தச் சின்னவனையும் சேத்து விடுங்கண்ணே" என்று எதிர் டீம் போகிறபோக்கில் கேட்டால், முதலில் கேட்ட பையனை ஒதுக்கி வைத்துவிட்டு இந்தச் சின்னவனை ஒரு வாரம் உட்கார்ந்து பாருங்கள். உங்களுக்குத் தெரியாத ஏதோ அவர்கள் கண்ணில் பட்டிருக்கிறது.

2016-ல் ஒரே சீசனில் சிகாகோவின் இரண்டு டீமும் பிட்சர் வாங்கின. கப்ஸ், கிளேபர் டோரஸ் உட்பட நாலு பேரைக் கொடுத்து அரோல்டிஸ் சாப்மனை எடுத்து, 1908-க்குப் பிறகு முதல் கோப்பையை வாங்கியது. டோரஸ் பிறகு ஆல்-ஸ்டார் ஆனார். கப்ஸ் ரசிகர்கள் யாரும் வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை. ஒயிட் சாக்ஸ், 34 வயது ஜேம்ஸ் ஷீல்ட்ஸுக்காகக் கொடுத்த இரண்டு பேரில் ஒருவன், தொழில்முறை ஆட்டம் ஒன்றுகூட ஆடாத 17 வயது ஃபெர்னாண்டோ டாட்டிஸ் ஜூனியர். 2021-ல் அவர் 42 ஹோம் ரன் (நம் சிக்ஸர் மாதிரி) அடித்தபோது ஷீல்ட்ஸ் ஆட்டத்தை விட்டே போயிருந்தார். கப்ஸ் ஏற்கெனவே முதலிடத்தில் இருந்த டீம், ஒரே ஒரு ஓட்டையை அடைத்தது. ஒயிட் சாக்ஸுக்கு ஒன்றுக்கு மேல் ஓட்டை.

ஸ்கோர்புக்கைத் திறங்கள்

போன சீசனில் நீங்கள் ஆடிய கடைசி எட்டுப் பத்து ஆட்டத்தை எடுங்கள். ஒவ்வோர் ஆட்டத்திலும் 7, 8-வது ஓவரில் எவ்வளவு போயிற்று என்று தனியே எழுதுங்கள். வரப்போகிறவர் உங்கள் நல்ல பவுலரின் ஓவரைப் பிடுங்கப் போவதில்லை. மோசமான இரண்டு ஓவரைத்தான் எடுத்துக்கொள்ளப் போகிறார். ஒப்பிட வேண்டியது அந்த இரண்டோடு.

ஒரு மாதிரிக் கணக்கு. உங்கள் கடைசி இரண்டு ஓவரில் சராசரியாக 26 போகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்தப் பவுலர் தன் டீமுக்காக அதே ஓவர்களில் 16 கொடுக்கிறார். உங்களுக்கு லாபம் ஓர் ஆட்டத்துக்கு 10 ரன்.

இப்போது பையன்கள். முதல் பையன் மூன்றாவதாக இறங்கி 9 பந்தில் 14 அடிக்கிறான். அவன் இடத்தில் இறங்கப் போகிறவர் அதே 9 பந்தில் 8 அடிப்பார். நஷ்டம் 6. அவன் டீப்பில் ஓடித் தடுக்கிற ரன் 2 என்று போடுங்கள், மொத்தம் 8. இரண்டாவது பையன் ஏழாவதாக இறங்குகிறான், மூன்று பந்துதான் கிடைக்கும். பேட்டிங்கில் 1, ஃபீல்டிங்கில் 2, நஷ்டம் 3. இரண்டு பேரையும் கொடுத்தால் 11 போய் 10 வருகிறது. எதிர்காலத்தை விடுங்கள், இந்த வருஷமே நஷ்டம். முதல் பையன் மட்டும் என்றால் 8 போய் 10, கொஞ்சம் லாபம். இரண்டாவது பையன் மட்டும் என்றால் 3 போய் 10. அன்றே கையெழுத்துப் போடலாம், ஆனால் அதற்கு எதிர் டீம் ஒத்துக்கொள்ளாது.

ஃபீல்டிங் ரன்னைப் பலர் கணக்கில் சேர்ப்பதே இல்லை. வெளியூரிலிருந்து வரும் பெரிய பவுலர்கள் சிலர் ஷார்ட் ஃபைன் லெக்கில் நின்றுகொண்டு குனிய மாட்டார்கள். அதையும் கழியுங்கள்.

இந்தக் கணக்கில் லாபம் 2 ரன்னுக்குக் கீழே வந்தால் பேரத்தை விட்டுவிடுங்கள். எட்டுப் பத்து ஆட்டத்தை வைத்துப் போட்ட சராசரியில் 2 ரன் இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ தவறத்தான் செய்யும். 5-க்கு மேல் வந்தால் மேற்கொண்டு பேசலாம்.

அடுத்து வருஷக் கணக்கு. அமெரிக்கப் பையனுக்கு ஆறு வருஷம் என்றால் நம் பையனுக்கு எத்தனை? கீழக்கரை, பெரியபட்டினம் பக்கம் 20, 21 வயதில் துபாய்க்கு விசா வந்துவிடும். மற்ற ஊர்களில் பாலிடெக்னிக் முடித்துக் கோயம்புத்தூரோ சென்னையோ. படகுக்குப் போகிற பையன் ஊரில் இருப்பான், ஆனால் ஜூன் 15-க்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகூட அவனை நம்ப முடியாது. 16 வயதுப் பையன் என்றால் நாலு தடைக்காலம் கிடைக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 19 வயதென்றால் ஒன்று, மிஞ்சினால் இரண்டு. எனவே 19 வயதுப் பையனைக் கட்டிப்பிடித்துக்கொண்டு இருப்பதில் பெரிய அர்த்தமில்லை. வீட்டில் பாஸ்போர்ட் எடுத்தாயிற்றா என்று விசாரித்துவிட்டு முடிவெடுங்கள். பாதுகாக்க வேண்டியவன் 15, 16 வயதுக்காரன்.

"ஒரு சீசனுக்குத்தானே, திரும்பி வந்துவிடுவான்" என்பது பாதி உண்மை. உங்களிடம் ஐந்தாவதாக இறங்கியவன் அங்கே ஓப்பனிங் ஆடிப் பழகிவிட்டால் திரும்பி வர மனசு வராது. திரும்பக் கூப்பிடும்போது என்ன இடம் தருவீர்கள் என்று இப்போதே யோசித்து வையுங்கள்.

பவுலரை எப்படிப் பார்ப்பது

வாட்ஸ்அப்பில் வரும் 30 செகண்ட் வீடியோவை வைத்து முடிவெடுக்காதீர்கள். அதில் ஸ்டம்பு பறந்த பந்து மட்டும்தான் இருக்கும். மூன்று ஆட்டமாவது நேரில் போய், பந்துக்குப் பந்து குறித்து வையுங்கள்.

வைடு முதலில். ஒரு வைடு ஒரு ரன்னோடு போவதில்லை, கூட ஒரு பந்தும் கொடுக்கிறது. கடைசி ஓவரில் ஒரு பந்துக்குச் சராசரியாக 2 ரன் போகிற ஆட்டத்தில் ஒரு வைடின் விலை 3. ஓவருக்கு ஒரு வைடுக்கு மேல் போடுகிறவர் எவ்வளவு வேகமானாலும் வேண்டாம்.

எந்த ஓவரில் போடுகிறார் என்பது இரண்டாவது. முதல் ஓவர் புதுப் பந்தில் போட்டு 4 ரன் கொடுத்தவர், கடைசி ஓவரில் செட் ஆன பேட்ஸ்மேனுக்கு அதே மாதிரி போடுவார் என்று எண்ணாதீர்கள். உங்களுக்கு எந்த ஓவருக்கு ஆள் வேண்டுமோ அந்த ஓவரில் அவர் போட்டதை மட்டும் கூட்டுங்கள்.

பந்து எது என்று கேளுங்கள். சாதா டென்னிஸ் பந்து 56 முதல் 59 கிராம். லெதர் பந்து 156 முதல் 163 கிராம். ஹெவி பால் என்கிற கனமான டென்னிஸ் பந்து இரண்டுக்கும் நடுவில். டிவிஷன் லீக்கில் லெதரில் ஸ்விங் செய்கிறவர் என்று பேரெடுத்தவரைக் கூட்டிவந்தால், சீம் இல்லாத பந்தில் அவர் கைவரிசை காணாமல் போய்விடும். டென்னிஸ் பந்துக்கு வேண்டியது யார்க்கர், வேகம் குறைத்த பந்து, இரண்டுக்கும் ஒரே மாதிரி கை வருவது. இந்த மூன்றும்தான்.

காற்று நம் கடற்கரைக்கே உரிய விஷயம், இதைத் தனியாகச் சோதிக்க வேண்டும். ஏப்ரலில் மத்தியானத்துக்கு மேல் கொண்டல் (கீழைக்காற்று) ஏறும். மே பாதிக்கு மேல் கச்சான் (மேலைக்காற்று) பிடித்தால் மணலையே வாரி முகத்தில் அடிக்கும். இலேசான பந்து காற்றுக்கு எதிரே போட்டால் நின்று விழும். யார்க்கர் என்று போட்டது ஒரு முழம் முன்னால் குத்தி, அடிக்கத் தோதாக எழும்பி நிற்கும். காற்றோடு போட்டால் அதே பந்து தரையைத் தொடாமல் ஃபுல் டாஸாகப் போகும். நல்ல பவுலர் இதை ஒரு பந்தில் புரிந்துகொள்வார். மாலை நாலு மணிக்கு மேல் இரண்டு முனையிலிருந்தும் ஆறு ஆறு பந்து போடச் சொல்லுங்கள். பந்தை விடுங்கள், அவரைக் கவனியுங்கள்: முனை மாறியதும் போடுகிறதுக்கு முன் ஒரு பிடி மண்ணை எடுத்து உதிர்த்துக் காற்றைப் பார்க்கிறாரா, ஸ்டம்புக்கு எந்தப் பக்கம் நின்று போடலாம் என்று மாற்றுகிறாரா, முதல் பந்து ஃபுல் டாஸாகப் போனால் இரண்டாவதைக் கொஞ்சம் இழுத்துப் போடுகிறாரா? ஆறு பந்தும் ஒரே இடத்தைக் குறிவைத்து ஆறும் தவறினால், அவர் காற்றில்லாத உள்ளூர் மைதானத்துப் பவுலர்.

தரையும் மாறும். காய்ந்த கண்மாய்க்குள் நடக்கும் ஆட்டத்தில் களிமண் இறுகி வெடித்திருக்கும். வேகமாகக் குத்துகிறவர் பந்து எகிறும். கடலோரப் பொட்டலில் பந்து செத்து விழும். அங்கே வேகம் குறைத்துப் போடுகிறவர்தான் ராஜா. நீங்கள் ஆடப்போகும் டோர்னமென்ட் எந்தத் தரையில் என்று பார்த்து ஆள் தேடுங்கள்.

கை மடங்குகிறதா என்பதையும் பாருங்கள். சர்வதேச ஆட்டத்தில் முழங்கை 15 டிகிரி வரை நிமிரலாம் என்று விதி இருக்கிறது. ஊர் அம்பயரிடம் கோணம் அளக்கிற கருவி கிடையாது, கண்ணுக்கு மாங்காயாக, அதாவது பந்தை எறிகிற மாதிரி, பட்டால் நோ-பால்தான். சில கமிட்டி கண்டுகொள்ளாது, சில கமிட்டி முதல் ஓவரிலேயே நிறுத்திவிடும். அரையிறுதியில் உங்கள் ஆளை நிறுத்தினால் பேரம் மொத்தமும் வீண். கமிட்டியிடம் முன்கூட்டியே அவர் பேரைச் சொல்லிக் கேட்டுவிடுவது நல்லது.

கடைசியாகத் தோள்பட்டை. நல்ல பவுலரைத் தடைக்காலத்தில் நாலு டீம் கூப்பிடும். சனிக்கிழமை ஒரு ஊர், ஞாயிறு இன்னொரு ஊர், ஒரே நாளில் மூன்று ஆட்டம். அமெரிக்கக்காரர்கள் பிட்சருக்கு நாலு நாள் ஓய்வு கொடுத்தும் முழங்கை நார் அறுந்து ஆபரேஷனுக்குப் போகிறார்கள். 1974-ல் டாமி ஜான் என்ற பிட்சருக்கு முதலில் செய்ததால் அந்த ஆபரேஷனுக்கே அவர் பேர்தான். செய்துகொண்டால் ஒரு வருஷத்துக்கு மேல் ஆட்டம் இல்லை. உங்கள் பவுலர் அந்த வாரத்தில் எத்தனை ஓவர் போட்டார் என்று அவரிடம் கேட்காதீர்கள், கூட வரும் பையன்களிடம் கேளுங்கள். பவுண்டரியிலிருந்து பந்தை மேலே கை ஓங்கி எறியாமல் கீழ்க்கையாக உருட்டி விடுகிறாரா என்று பாருங்கள். தோள் வலிக்கிறவர் பந்து போடும்போது மறைத்துவிடுவார், த்ரோவில் மாட்டிக்கொள்வார்.

எந்தப் பையனை விடலாம்

சின்ன மைதானத்தில் சிக்ஸர் அடிக்கிறவனைக் கண்டு மயங்குவது சகஜம். எதிர் டீம் கேட்பதும் அவனைத்தான். லெக் சைடில் மட்டும் தூக்குகிற பையன், கடலோரத்தில் எதிர்க்காற்றில் ஆடும்போது டீப் மிட்விக்கெட்டில் கேட்ச் கொடுத்துப் போய்க்கொண்டே இருப்பான். அவனை விடலாம்.

யார்க்கரைத் தோண்டி ஒரு ரன் ஓடுகிறவன், முதல் ரன்னிலேயே திரும்பிப் பார்த்து இரண்டாவதுக்குக் கூப்பிடுகிறவன், தோற்ற ஆட்டத்திலும் டைவ் அடிக்கிறவன்: இவர்கள் கணக்கில் குறைவாகத் தெரிவார்கள், ஆனால் வருஷா வருஷம் ஏறுவார்கள். இடக்கைக்காரனை விடவே விடாதீர்கள். ஊர்ப் பவுலர்கள் இடக்கைக்குப் போட்டுப் பழகியதில்லை. லைன் தவறி வைடாகவே இரண்டு மூன்று ரன் சும்மா வரும்.

உங்களிடம் ஒரே வேலைக்கு இரண்டு பையன் இருந்தால் ஒருவனை விடுவதில் நஷ்டமே இல்லை. இரண்டு விக்கெட் கீப்பர் இருந்தால் ஒருவன் பவுண்டரியில் நின்று வெயில் காய்வதைவிட, வேறு டீமில் கீப்பிங் செய்து கை பழகட்டும்.

பையனிடமும் அவன் அப்பாவிடமும் முதலில் கேளுங்கள். கேப்டன்கள் இருவரும் டீக்கடையில் முடித்துவிட்டு, பையனுக்கு மூன்றாவது ஆள் வழியாகச் செய்தி போனால் அதோடு அவன் போய்விட்டான் என்று அர்த்தம். அவன் தம்பியும் வர மாட்டான். அவன் மாமா தருகிற ஜெர்ஸி ஸ்பான்சரும் வராது.

எழுதிக்கொள்ள வேண்டியவை

பேச்சு முடிந்ததும் இரண்டு கேப்டனும் ஒரே செய்தியை வாட்ஸ்அப்பில் அனுப்பிக்கொள்ளுங்கள். எந்தெந்த டோர்னமென்ட், எத்தனை ஆட்டம், பையன் எந்தத் தேதியில் திரும்புகிறான் என்று பேரும் தேதியும் போட்டு இருக்கட்டும். ஊரில் துக்கம் விழுந்தாலோ கோடை மழை பெய்தாலோ ஆட்டம் ஒரு வாரம் தள்ளிப்போகும். அப்போதும் பவுலர் வருவாரா என்பதைச் சேர்த்து எழுதுங்கள். இதில்தான் அதிகச் சண்டை. விசைப்படகில் வேலை செய்கிறவரென்றால் ஜூன் 14-க்கு அப்புறம் தள்ளிப்போன இறுதி ஆட்டத்துக்கு அவர் வர மாட்டார். நாட்டுப்படகுக்காரருக்குத் தடை கிடையாது, அவருக்கு எந்த நாளும் வேலை நாள்தான். அவரிடம் தேதியை முன்பே வாங்குங்கள்.

பெட்ரோல் யார் போடுவது, பரிசுப் பணத்தில் பங்கு உண்டா, அடிபட்டால் ஆஸ்பத்திரிச் செலவு யாருடையது என்பவை ஒவ்வொன்றும் ஒரு வரி. உங்கள் பையன் உங்களுக்கு எதிராகவே காலிறுதியில் இறங்கலாமா கூடாதா என்பதும் ஒரு வரி. கூடாது என்று எழுதிக்கொள்வதுதான் பையனுக்கும் நிம்மதி.

டோர்னமென்ட் நோட்டீஸையும் வாசியுங்கள். பல இடத்தில் வெளியூர் ஆள் இத்தனை பேர்தான் என்று வரம்பு இருக்கும், ஆதார் கார்டு கேட்பார்கள். "ஒரே ஊராட்சி ஆட்கள் மட்டும்" என்று போட்டிருக்கும் டோர்னமென்ட்டுக்கு வெளியூர்ப் பவுலரால் பிரயோஜனம் இல்லை. அப்படிப்பட்டவை உங்கள் பட்டியலில் பாதி என்றால் அவரிடமிருந்து கிடைக்கிற ஓவரும் பாதியாகச் சுருங்கிவிடும். மேலே போட்ட கணக்கைத் திரும்பப் போடுங்கள்.

பணம் கொடுத்துக் கூட்டிவருவது பல சமயம் பையனைக் கொடுப்பதைவிட மலிவு. முதல் பரிசு 15,000 ரூபாய், 16 டீம், எல்லோரும் சம பலம் என்றால் உங்கள் வாய்ப்பு பதினாறில் ஒன்று. அதாவது எதிர்பார்க்கக்கூடியது ஆயிரத்துக்கும் கீழே. பவுலரால் அந்த வாய்ப்பு இரண்டு மடங்கானாலும் கூடுவது இன்னோர் ஆயிரம்தான். பரிசுப் பணத்தை நம்பி இதற்கு மேல் கெஸ்ட் பிளேயருக்குக் கொடுக்காதீர்கள். கௌரவத்துக்காகக் கொடுக்கிறீர்கள் என்றால் அது வேறு கணக்கு, ஊர்ப் பெரியவர்கள் பையிலிருந்து வரட்டும்.

ஆள் கிடைக்காவிட்டால்

உள்ளே ஒருவனைத் தயார் செய்யலாம். சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியில் டென்னிஸ் பந்தில் யார்க்கர் போட்டுப் பழகிய நடராஜன், 2020-21 ஆஸ்திரேலியப் பயணத்தில் மூன்று வகை ஆட்டத்திலும் இந்தியாவுக்கு அறிமுகமானார். உங்களுக்கு நடராஜன் வேண்டாம். ஓவருக்கு ஆறில் மூன்று பந்தைக் காலடியில் போடுகிறவன் போதும்.

பொதுத்தேர்வு முடியட்டும், அதற்கு முன் அப்பாக்கள் விட மாட்டார்கள். ஏப்ரல் மூன்றாவது வாரம் தொடங்கினால் மே கடைசி ஆட்டங்களுக்கு ஐந்து, ஆறு வாரம் இருக்கிறது. உயரமான பையனைத் தேடாதீர்கள். பவுண்டரியிலிருந்து ஸ்டம்பைக் குறிபார்த்து எறிகிறவனை எடுங்கள். ஸ்டம்பிலிருந்து கிரீஸ் 4 அடி. கிரீஸ் கோட்டின் மேல் ஒரு பழைய செருப்பை வையுங்கள். ஒரு நாளைக்கு 30 பந்து, ஆறு ஆறாக ஐந்து தடவை, நடுவில் ஐந்து நிமிஷம் இடைவெளி. வாரத்துக்கு மூன்று நாள், ஒரு நாள் விட்டு ஒரு நாள். ஆர்வத்தில் தினமும் 100 பந்து போட வைத்தால் இரண்டாவது வாரமே தோளைப் பிடித்துக்கொண்டு உட்காருவான்.

முதல் வாரம் பேட்ஸ்மேன் வேண்டாம். செருப்பில் 30-க்கு 8 பட்டால் இரண்டாவது வாரத்தில் பேட்ஸ்மேனை நிறுத்துங்கள். ஆள் நின்றதும் 8 என்பது 4 ஆகும், பதற வேண்டாம். மூன்றாவது வாரம் காற்றுள்ள நேரத்தில் இரண்டு முனையிலும். பயிற்சி ஆட்டங்களில் நேராகக் கடைசி ஓவரைக் கொடுக்காமல் 3, 4-வது ஓவரில் போட வையுங்கள். இரண்டு ஓவருக்கு ஒரு வைடுக்குள் வந்ததும் 7-வது ஓவருக்கு ஏற்றுங்கள். 8-வது ஓவர் இந்த சீசன் முழுக்க டீமின் மூத்த பவுலரிடமே இருக்கட்டும், அவர் அடி வாங்கினாலும்.